அண்ணன் போட்ட சரள்

ஆனந்தவள்ளி இதுவரை எதையும் தனியாகச் செய்ததில்லை. முடியாமல் இல்லை, அண்ணன் விட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மிதித்தவன் இசக்கிதுரை. போலீஸ் வேலைக்கு மனு வாங்கி வந்தவனும் அவன்தான். உடல்தகுதித் தேர்வில் அவள் மைதானத்துக்குள் ஓட, கம்பிவேலிக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் கூடவே ஓடினான். இன்றைக்கு அவள் தென்காசியில் ஏட்டம்மா. ஆனாலும் பிறந்த ஊருக்குப் போனால், அண்ணன்காரன் ஓடியல்லவா தங்கச்சிக்கு வேலை வாங்கிக் கொடுத்தான் என்றுதான் பேச்சு. இசக்கிதுரை அதை மறுக்கவும் மாட்டான், மீசையைத் தடவிக்கொள்வான். அந்த நேரத்தில் அவளுக்கு வருகிற எரிச்சல் சொல்லி மாளாது.

அதனால்தான் சரள் சவாரிக்குப் பேர் கொடுத்தாள். ஆடி மாதத்தில் குற்றாலத்திலிருந்து கிளம்பும் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் அது. தார் ரோட்டில் முடிந்தவரை ஏறுவதில்லை. குளத்துக்கரை, வண்டிப்பாதை, வயல் ஓரம், சரளைக்கல் கிடக்கிற ஊர்ப்பாதை என்று வடகரை, சுந்தரபாண்டியபுரம், கடையம் சுற்றிச் சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் உள்ள பழைய ஊர்களில் கோயில் கல்மண்டபத்தின் முன்னால் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் சொந்தக்காரர், சிநேகிதர் என்று யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக்கூடாது. டயர் வெடித்தால் தானே மாற்ற வேண்டும். இந்த விதியைப் படித்ததும் அவள் மனசு குளிர்ந்துபோனது. அண்ணன் உள்ளே நுழைய முடியாத ஒரே இடம் உலகத்தில் இதுதான் என்று தோன்றியது.

டியூட்டி முடிந்த நேரமெல்லாம் ஓட்டிப் பழகினாள். பட்டாளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் போனில், இந்த வயதில் உனக்கு எதுக்கு இந்த வேலை என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சவாரிக்கு முந்தின நாள் மதியம் அண்ணனைக் கூப்பிட்டு, சரள் ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் இது, பாதை நம் ஊர் புளியடிக்குளம் கரை வழியாகப் போகிறது, ரோட்டோரம் நின்று கை தட்டலாம், வேறு ஒன்றும் எனக்குச் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் சரி என்று சொன்னதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த அண்ணனைக் கோட்டை விட்டாள்.

காலையில் எல்லாம் நன்றாகவே போனது. மேற்கிலிருந்து அடித்த காற்று முதுகைத் தள்ளியது. வடகரைத் தென்னந்தோப்புகளைத் தாண்டி, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயலுக்குள் நின்று போட்டோ எடுக்கிற கூட்டத்துக்கு மணி அடித்து வழிகேட்டு, நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே கடையம் போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசிப் பேர் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள். ஒரு கடையில் இரண்டு வாழைப்பழமும் சுக்குக் காப்பியும் உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடித்தது. ஆடிக்காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பது என்னவென்று மிதித்தவர்களுக்குத்தான் தெரியும். மேடே இல்லாத சமதரை மலையாக நிற்கும். ஆனால் அவள் கணக்கில் ஒரு நம்பிக்கை இருந்தது. கொஞ்ச தூரத்தில் புளியடிக்குளம் கரை வரும். வண்டியும் டிராக்டரும் ஓடி ஓடி இறுகிப்போன களிமண் பாதை. இரண்டு பக்கமும் பனையும் உடைமரமும். காற்றும் பிடிக்காது, சக்கரமும் வழுக்கிக்கொண்டு போகும். விட்ட நேரத்தையெல்லாம் அங்கே பிடித்துவிடலாம்.

கரையில் ஏறினால், முன்னால் போனவர்கள் எல்லோரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். கரை முழுக்கப் புதுச் சரள். செக்கச்செவேலென்று, உருட்டி அமுக்காமல், ஒரு சாண் கனத்துக்குக் கொட்டி நிரவியிருந்தது. சக்கரத்தை வைத்தால் புதைந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஜெபஸ்டின் என்கிற பையன், எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது என்று பல்லைக் கடித்தான். ஆனந்தவள்ளிக்குத் தெரிந்துவிட்டது.

கரை முடிகிற இடத்தில் டிராக்டர் நின்றது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு இசக்கிதுரை. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்னண்ணே?"

"நீதானட்டி சொன்ன, சரள் ரோட்டுல ஓட்டுத பந்தயம்னு. நம்ம ஊர்க் கரையில சரளே கிடையாது பாத்துக்கோ. வெளியூர்க்காரங்க வந்தா நம்மள என்ன நினைப்பாங்க? அதான் ராத்திரியோட ராத்திரியா லோடு அடிச்சிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் செய்யாதன்னு சொன்னேம்லா?"

"உனக்கு எங்கட்டி செஞ்சேன்? ரோட்டுக்குல்லா செஞ்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் நேரமும் இல்லை. ஏறி நாலு மிதி மிதித்தாள். பின்சக்கரம் புஸ்ஸென்று அமர்ந்தது. புதுச் சரளின் கூர்க்கல் ஒன்று டயரைத் துளைத்து உள்ளே போயிருந்தது.

அவள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதற்குள் அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்தான். பம்புசெட், டிராக்டர், கதிரறுப்பு இயந்திரம் எல்லாம் அக்கக்காகக் கழற்றி மாட்டுகிறவன். அவனுக்கு இது பீடி பற்றவைக்கிற நேரத்து வேலை. கை நீண்டது.

"தொடாத."

கை நின்றது. அவள் லிவரால் நெம்பி டயரைக் கழற்றத் தொடங்கினாள். லிவரை இந்தப் பக்கம் போடு என்றான். வாயைத் திறந்தாலும் உதவிதான், பேசாதே என்றாள். எழுந்து நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். புது டியூபைத் திணித்துவிட்டாள்; டயரின் கடைசிச் சாண் மட்டும் விளிம்புக்குள் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டைவிரல் தோல் உரிந்தது. வலியில் அவள் முனகியபோது இசக்கிதுரை குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்திருந்தான். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கூப்பிடவில்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ டயர் உள்ளே விழுந்தது. காற்றடித்தாள், ஏறினாள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மிச்ச தூரம் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டினாள். வேகம் போனது, கால் மரத்தது, உதட்டில் புழுதி உப்புக் கரித்தது. இறங்கிவிடலாம் என்று தோன்றிய ஒவ்வொரு முறையும், அண்ணன் ஓடி வாங்கிக் கொடுத்த வேலை என்கிற அந்தப் பேச்சு காதில் விழுந்தது. இறங்கவில்லை. மலையில் மேகம் இறங்கித் தூறல் தொடங்கிய நேரம் குற்றாலத்துக்குள் நுழைந்தாள். முடிகிற இடத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு தாண்டியிருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். தாண்டியது தாண்டியதுதான்.

சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள். அப்போது சவாரியை நடத்துகிற பல் டாக்டர் விஸ்வநாதன் சிரித்துக்கொண்டே வந்தார். வழியில் யாரோ கரை முழுக்கச் சரளைக் கொட்டி எல்லோரையும் நடக்க வைத்துவிட்டார்கள், அதனால் எல்லோருக்கும் அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம், ஏட்டம்மாவும் உள்ளேதான் என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அரைமணியில் தப்பித்த ஜெபஸ்டின்தான் பலமாகத் தட்டினான். டாக்டர் பதக்கத்தை நீட்டினார்.

அவளுக்கு அது வேண்டும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ரொம்பவே வேண்டும். கைகூடப் பாதி தூரம் போய்விட்டது. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால், தார் ரோட்டு வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய அண்ணனைப் பார்த்தாள். இதையும் வாங்கினால் இதுவும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான்.

"அந்தச் சரளக் கொட்டுனது எங்க அண்ணன் சார்," என்றாள். "எனக்காகக் கொட்டுனது. மத்தவங்களுக்கு அரைமணி கொடுத்தது நியாயம். எனக்கு ஆறு மணிதான்."

டாக்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். ஜெபஸ்டினும் கெஞ்சினான். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. தூறலில் யாருக்கும் தெரியவில்லை.

இசக்கிதுரை எதிரே வந்து நின்றான். மீசைக்காரன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நாந்தான் கெடுத்துட்டனாட்டி? நாளைக்கே டிராக்டர்ல பிளேடு மாட்டி அம்புட்டையும் வழிச்சு எடுத்திருதேன்."

"எடுக்காத," என்றாள். "அங்கனயே கிடக்கட்டும். அடுத்த வருசத்துக்கு நான் அதுலயே ஓட்டிப் பழகிக்கிடுதேன். நீ மட்டும் வந்து நிக்காத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை. வருவதாக அண்ணன் வீட்டுக்கு முந்தின நாளே சொல்லியிருந்தாள்; விடிந்ததும் சைக்கிளோடு புளியடிக்குளம் போனாள். கரைக்குப் போகிற வழி அண்ணன் வீட்டைத் தாண்டித்தான். டிராக்டர் முற்றத்தில் நின்றது. வீட்டுக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. மதினி குழல்வாய்மொழி இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கே போய்விட்டான் என்று ஆனந்தவள்ளி கேட்டாள்.

"எங்க போனாவ? உள்ளதான் இருக்காவ," என்றாள் மதினி. "நீ ஓட்டி முடிக்குத வரைக்கும் தொறக்காதன்னு அவியளேதான் பூட்டச் சொன்னாவ."