கழுவிய கசப்பிலை

1

சென்ற வாரம் எனுகு நகரச் சந்தையில் ஒருத்தி கசப்பிலைக் கீரையைக் கசப்புப் போகத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். பச்சை நுரை பொங்கியது. சூப்புக்கு மீன் வாங்கப் போன நான் மீனை மறந்து வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதைக்கு வேறு காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்: மழைக்காலத்தில் கோழிகளின் சராசரி எடை—

(இது ஆய்வேடு. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ஓசியோமா சூது அறியாதவள், அவள் கண்கள்—

(பொய். பண்ணை முட்டையைத் திருடுவாள். எனக்கும் ஒன்று அவித்துத் தருவாள்.)

3

என் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு அது. தீவனத்தில் கசப்பிலைத் தூள் கலந்தால் கறிக்கோழி எப்படி வளர்கிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். மழைக்கால இலையை நானே காயவைத்து அரைத்தேன். கோழிகள் அலகால் தள்ளிவிட்டன. எடை ஏறவில்லை.

வறண்ட காலத்தில் எனக்குக் காய்ச்சல். பண்ணையில் வேலை செய்த ஓசியோமா, என் வயதுக்காரி, இலை வேலையை எடுத்துக்கொண்டாள். தீவனத் தட்டுகள் மிச்சமில்லாமல் காலியாயின.

பேராசிரியருக்கு ஆனந்தம். "பருவம்தான் காரணம்! வறண்ட காலத்துல இதையே போடுங்கன்னு விவசாயிங்களுக்குத் துண்டறிக்கை அடிச்சிடலாம்."

4

கடைசி வாரம். தூசிக்காற்றில் உதடு வெடித்திருந்தது. கொட்டகை வாசலில் இருவரும் சூடான பயற்றுமாவு ஒக்பாவை இலை பிரித்துத் தின்றோம். (இந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம் போலிருக்கிறது.)

"மூணு தண்ணி கசக்கி அலசுனேன் கம்சி. கை இன்னும் கசக்குது."

"எதை?"

"இலையைத்தான்."

"கோழிக்குப் போடற இலையையா? ஏண்டீ?"

"கழுவாத கசப்பிலையை உங்க வீட்டுல சூப்புல போடுவாங்களா? கோழின்னா இளக்காரமா? பெரிய விஞ்ஞானி! முதல் தடவை நீ கழுவாமப் போட்டியே, அதுங்க உன்னை எப்படிச் சபிச்சிருக்கும்!"

நான் சோதிக்க வந்ததே அந்தக் கசப்பைத்தான். அது கழுவிய தண்ணீரோடு போய்விட்டது.

சொன்னால் எனக்கு ஓராண்டு போகும், அவளுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் துண்டறிக்கையை நம்பிக் கழுவாமல் போடுகிறவர்களின் கோழிகள் இளைக்கும்.

5

ஒரு முடிவு: நான் உண்மையைச் சொன்னேன். பேராசிரியர் மன்னித்து—

(அவர் யாரையும் மன்னித்ததில்லை.)

இன்னொன்று: ஓசியோமா தானாகவே வேலையை விட்டு—

(எனக்கு வசதியான முடிவு. வேண்டாம்.)

6

நடந்தது இது. பேராசிரியர் கொட்டகைக்கு வந்தார். "ரெண்டு தடவையும் இலையை ஒரே மாதிரிதானே பக்குவம் பண்ணுனீங்க?"

ஓசியோமா தீவன வாளியோடு முன்னால் வந்தாள். பாராட்டு கிடைக்கப்போகிறது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. "இல்ல சார், இந்தத் தடவை நான்—"

யார் பேச்சிலும் குறுக்கிடத் துணியாத நான் அன்று குறுக்கிட்டேன். "ஆமா சார். ஒரே மாதிரிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைக் கம்சி என்று கூப்பிடவில்லை. மேடம் என்றாள்.

7

இங்கே "ஆமா சார்" என்ற என் வரியை எடுத்துவிடுகிறேன். பேராசிரியர் காத்திருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை. அவள் சொல்வதை இனி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

"இல்ல சார், இந்தத் தடவை நான்