சீனியம்மாளின் ஷெரீப் ஓட்டு

1.

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. (ஒட்டு. ஓட்டு இல்லை. ஓட்டு பின்னால் வரும்.)

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் போனில் சத்தம் போட்டார்: "போலீசுக்கு ஓட்டா? ஏட்டி, நல்லாப் படிச்சுப் பாத்துச் சொல்லு!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கிப் பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் அழகுத்தாய். காவல்துறையில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் பேசியது அமெரிக்காவில் இருக்கும் தங்கை சீனியம்மாள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு அவளுக்கு இதுதான் முதல் ஓட்டு. கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. கொஞ்சம் உயரமாப் போடுங்க" என்றார்.

உயரமானவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "கடலுக்கு அப்பால், பனி விழும் ஒரு காலைப்பொழுதில்" – நான் பனியைப் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "ஜனநாயகம் என்பது" – இதை என்னால் முடிக்கவே முடியவில்லை.

எனவே நடந்தபடியே சொல்கிறேன். மாதிரி வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் சீனியம்மாள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"பெரிய பதவியெல்லாம் முன்பக்கம் இருக்குக்கா. பின்பக்கம் ஷெரீப்புக்குன்னு ரெண்டு பேரு கெடக்கு. ஒண்ணும் புரியல. அதை மட்டும் விட்ரவா?"

"யாரு, துணிக்கடை ஷெரீப் பாயா?"

"அது ஆள் பேரு இல்லக்கா, பதவி. கவுண்டிக்கு ஒரு ஷெரீப்பு. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. டவுனுக்குள்ள வேற போலீசு. வெளிய இருக்க ஊரு, ஜெயிலு, கோர்ட்டு நோட்டீசு, வீட்டைக் காலி பண்ண வைக்கது எல்லாம் இவருதான்."

(சென்னையிலும் ஒரு காலத்தில் ஷெரீப் உண்டு. அது கௌரவப் பதவி. யாரையும் பிடித்து உள்ளே போட முடியாது.)

"அப்ப எஸ்.பி.ன்னு சொல்லு. அவருக்கு மேல யாரு?"

"மேலயா?"

"டிரான்ஸ்பர் போடுறது யாருட்டி?"

"யாரும் இல்லக்கா. இங்க நாலு வருசத்துக்கு ஒருக்கா, நாங்கதான்."

அந்த 'நாங்கதான்' என்ற சொல்லைக் கேட்டபோதுதான் பஸ்ஸில் அவர் அப்படிச் சத்தம் போட்டது.

3.

இந்த இடத்தில் எனக்கு அழகுத்தாய் மேல் சந்தேகம் வந்தது. முப்பது வருடம் காக்கி போட்டவருக்கு இதில் இவ்வளவு பிரமிப்பு வருமா? கதைக்காக நான்தான் கூட்டி எழுதுகிறேனோ? அவரிடமே கேட்டேன்.

அவர் சொன்னது இது: மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன். ஊரின் பெரிய வீட்டுப் பையன் மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள். அதைக் கிழித்துப் போடச் சொன்னபோது அழகுத்தாய் மறுத்திருக்கிறார். மறுநாளே இடமாற்றம்.

"யாரு மாத்துனாகன்னு தெரியாது. ஏன்னு கேக்கவும் ஆளில்ல" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. அந்த ஊருக்காரவுக கையில ஓட்டு இருந்தா என்னைய வச்சிருப்பாகளா? இல்ல, பெரிய வீட்டுக்குப் பயந்து அவியளே அனுப்பியிருப்பாகளா? அதை நினைச்சுத்தான் பஸ்ஸுல அப்படிக் கத்திட்டேன்."

சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

4.

அங்கே சனிக்கிழமை காலை. இங்கே விளக்கு வைக்கும் நேரம். வேட்பாளர் இருவரும் ஊர் நூலகத்தில் பேசுகிறார்கள் என்று சீனியம்மாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அழகுத்தாய் தன் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தார்.

இடுப்பில் துப்பாக்கியோடு, முழு யூனிஃபார்மில், இப்போதைய ஷெரீப் நின்றுகொண்டிருந்தார். ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, அவரு ஏன் நிக்காரு?"

"ஓட்டுக் கேக்க வந்தவரு நிக்கத்தானக்கா செய்வாரு."

போன வருடம் அவருடைய ஜெயிலில் சர்க்கரை வியாதிக்காரப் பையன் ஒருவன் மருந்து கேட்டுக் கத்திக் கத்தி இறந்துபோயிருந்தான். என்ன கேட்க வேண்டும் என்று அழகுத்தாய் முன்பே சொல்லி வைத்திருந்தார். சீனியம்மாள் கையைத் தூக்கி, அதை இங்கிலீஷில் கேட்டாள்: "உள்ளே இருப்பவர் முடியவில்லை என்று கத்தினால், முதலில் யார் காதில் விழும்?"

ஷெரீப் தொப்பியைக் கழற்றினார். அவர் சொல்லச் சொல்ல, சீனியம்மாள் தணிந்த குரலில் அக்காவுக்குத் தமிழில் சொன்னாள்.

"அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை. அந்த அறையின் அழைப்பு மணி பழுதாகி இருந்தது. பழுது என்று எனக்குத் தெரியும். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்."

ராஜபாளையத்தில் அழகுத்தாய் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

எதிர்த்து நிற்பவர் பேசினார்: நான் வந்தால் மணியை நம்ப மாட்டேன், ஆட்கள் நேரே நடந்துபோய்ப் பார்ப்பார்கள். கைத்தட்டல் அவருக்குத்தான்.

5.

கூட்டம் முடிந்து சீனியம்மாள் காரில் ஏறியதும் சண்டை.

"இவரையே வையிட்டி. யூனிஃபார்ம் போட்டவுக ஒருத்தராவது 'எனக்குத் தெரியும்'னு ஜனங்க முன்னால சொல்லி நான் கேட்டதில்ல."

"சொல்லிட்டா ஆச்சா? போனது உசுருக்கா."

"அடுத்தவன் செய்வான்னு என்ன நிச்சயம்?"

"இவரு செய்யலங்கது நிச்சயந்தான? நீ போலீசு. போலீசு பக்கந்தான் பேசுவ."

காரைக் கிளப்பப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு சீனியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "முன்வரிசையில நீலச் சட்டை போட்ட பொம்பளையப் பாத்தியா? அந்தப் பையனோட அம்மா. அவரு அவளைப் பாத்துத்தான் சொன்னாரு. அவளுக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் ஒரு ஓட்டுக்கா."

(இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். உவமை வேண்டாம். அழகுத்தாய் சொம்பில் சாய்ந்திருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.)

"அம்மாமாரு ஸ்டேஷன் கேட்டுக்கு வெளிய நிக்கதத்தான் நான் பாத்திருக்கேன்" என்றார். "உக்காந்து பாத்ததில்ல."

6.

சீனியம்மாள் ஓட்டுப் போட்டாள். பின்பக்கத்தை விடவில்லை. யாருக்கு என்று அழகுத்தாய் கேட்கவில்லை. ஏன் என்றேன்.

"நான் கேட்டா அவ சொல்லிருவா. அதான் கேக்கல."

தேர்தல் முடிந்து, ஒருவர் ஜெயித்தும் இருக்கிறார். இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், பழைய ஷெரீப் ஜெயித்து, அறை அறையாகப் போய்த் தன் கையாலேயே மணிகளை அழுத்திப் பார்க்கிறார். இன்னொன்றில், சாவிகளைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு, மேலிருந்து யாரும் மாற்றாமல், ஊரே மாற்ற, வீட்டுக்கு நடக்கிறார். எதை அச்சில் விட்டாலும் அது என் ஓட்டாகிவிடுகிறது. எனக்கு அந்தக் கவுண்டியில் ஓட்டில்லை.

சீனியம்மாள் சொன்னது இவ்வளவுதான்: வரிசையில் அவளுக்கு முன்னால் அந்தத் தாய் நின்றிருந்தாள். ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்தது நீங்கள். பேனா உள்ளே இருக்கிறது. தாளைத் திருப்புங்கள், பின்பக்கம் இரண்டு பெயர். போட்டுவிட்டு வாருங்கள். யாருக்கு என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.