சடை தெரியும் கண்ணாடி

பிள்ளையார்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த சிட்டிபாபுவுக்கு ஒரு மாதமாகவே கேமராவோடு மல்லுக்கட்டு. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமரா அது. மேல் லென்ஸ் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்வான்; கீழ் லென்ஸ் பிலிமில் படத்தைப் பதிக்கும். மேலே பளிச்சென்று தெரிந்த முகம், பிலிமைக் கழுவிப் பார்த்தால் மசமசவென்று கிடந்தது. எல்லாப் படத்திலும் அல்ல. வளைகாப்புப் பெண்களை உட்காரவைத்து, சடை தெரியட்டும் என்று முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்து எடுப்பார்களே, அந்தப் படங்களில் மட்டும். முகம் கலங்கியிருக்கும். கண்ணாடியில் விழுந்த பூச்சடையோ இதழ் இதழாக எண்ணும்படி இருக்கும்.

அந்த ஆளுயரக் கண்ணாடி, மாகறலில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது அடிமாட்டு விலைக்கு வந்தது. அந்த வீட்டு மருமகள் பிரசவத்தில் போய்விட்டாள் என்று விற்றவர்களே சொன்னார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சல்லிசாக வந்த சாமானை யார்தான் குறை சொல்வார்கள்? பழியெல்லாம் கேமரா தலையில் விழுந்தது.

அன்று அவன் மனைவி வடிவுக்கே வளைகாப்பு. இரண்டு முறை கலைந்து, இது ஒன்றுதான் ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. இந்தப் படமும் கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தோடே, அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்தான்.

பிலிம் போடவில்லை. கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டினான். ஷட்டரை இயக்கும் கேபிளின் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஷட்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். கீழ் லென்ஸ் என்னதான் பார்க்கிறது என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது என்றிருந்தான்.

தாளில் வடிவு தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். முகம் கலங்கல். ஃபோகஸ் திருகைத் திருப்பினான். முகம் தெளியவில்லை, கண்ணாடிதான் தெளிந்தது. அதில் சடை இல்லை, முகம் இருந்தது. வடிவின் முகம், அவனையே பார்த்துக்கொண்டு.

தலையை வெளியே எடுக்காமலே கூப்பிட்டான். "வடிவு, எழுந்து இப்டி வாம்மா."

தாளில் நாற்காலி காலியானது. கண்ணாடிக்குள் இருந்தவள் எழவில்லை. வாயைத் திறந்து என்னவோ கத்தினாள். கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். சத்தமே வரவில்லை.

"வந்துட்டேன் மாமா" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

"புள்ள அசையுதா?" துணிக்குள்ளிருந்தே கேட்டான்.

"நீயே பாரேன்" என்று அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். வயிறு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர்ப் பானை போலச் சில்லென்று, ஒரு அசைவும் இல்லாமல் இருந்தது.

தாளில், கண்ணாடிக்குள் இருந்தவள் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புடவைக்கு அடியில் ஒரு சின்னக் கால் உதைத்தது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

கேபிளை விட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் அவளை இனி எதன் வழியாகப் பார்ப்பது? கட்டைவிரல் மரத்துப்போயிற்று. அவன் எடுக்கவில்லை.

"போதும் மாமா, மூடிடு" என்றாள் பக்கத்தில் நின்றவள், ரொம்ப அன்பாக. "எவ்ளோ நேரம் குனிஞ்சிக்கினே இருப்பே? வா, வூட்டுக்குப் போலாம்."