பைண்டிங்கில் நானூறு புத்தகங்கள்

நான்கு ஊர் நூலகங்களும் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்வது என்று முடிவான அன்று, என் அண்ணி உள்ளறைக்குப் புதுப் பூட்டு வாங்கினார்.

அண்ணி எங்கள் ஊர் நூலகர். எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது இனி எல்லோருக்கும் தெரியும். கேட்டால் வியாழக்கிழமை வண்டியில் அனுப்ப வேண்டும். கூட்டத்தில் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்த அண்ணி, நல்ல புத்தகங்களாகப் பார்த்து நூற்று முப்பதை உள்ளறைக்கு மாற்றினார். பட்டியலில் அவற்றுக்கு எதிரே 'பைண்டிங்கில்' என்று எழுதினார். போகிற இடத்தில் என்ன பாடு படுமோ என்றார், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் குரலில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து, யாரும் தொந்தரவு செய்யாமல், நாள் முழுக்கப் படிக்கிறவன் நான். என் வாய் மூடியிருந்ததை ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

அண்ணன் மகளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். ஆலையில் பாய்லர் பகுதியில் உதவியாளர். தானே பாய்லர் இயக்க உரிமம் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவது முறையும் போனால் நான்காவது வாய்ப்புக் கிடையாது. கேள்விகளெல்லாம் ஒரு பழைய தடிப் புத்தகத்திலிருந்து வருகின்றன. கடைகளில் அது இல்லை. நான்கு ஊருக்கும் ஒரே பிரதி, அடுத்த ஊர் நூலகத்தில். பட்டியலில் அதற்கு எதிரே 'பைண்டிங்கில்' என்று இருந்தது.

அண்ணி அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். வாயாடிக்குத் தெரியாது. பைண்டிங் என்றால் பைண்டிங்தான் என்று நம்பி, அடுத்த பஸ்ஸில் பைண்டர் கடைக்கே போய்விட்டாள். நான்கு ஊருக்கும் பைண்டர் அவர் ஒருவர்தான்.

மாலையில் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பட்டியலில் நான்கு ஊர்க் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் பைண்டர் கடையில் நானூறு புத்தகங்கள் இருக்க வேண்டுமாம். அவரிடம் இருந்தது இரண்டு பள்ளிக்கூட வருகைப் பதிவேடும் ஒரு வாளிப் பசையும்தான். "நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்மா, லிஸ்ட்லதான் எனக்கு மூச்சு விட நேரமில்ல" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தார்.

"சித்தப்பா, அம்மா பண்றது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அந்த வாரம் நான் பேசியது அவ்வளவுதான். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாயாடி வாய் மூடியிருப்பது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அண்ணி அடுத்த ஊர் நூலகருக்குப் போன் செய்தார். அந்த நூலகருக்குப் பெரிய குரல், எனக்கும் கேட்டது.

"சார், எங்க புக் நூத்தி முப்பதும் பைண்டிங்லேர்ந்து வந்துடுச்சு. யாருக்கு எது வேணுமோ கேக்கலாம்."

மறுமுனையில் நானே பொறாமைப்படும்படி ஒரு மௌனம்.

"அப்படியாம்மா? எங்களதும் இப்பத்தான் வந்து இறங்குச்சு."

"ஒரே நேரத்துலயா சார்?"

"பைண்டர் கெட்டிக்காரர்மா."

மத்தியானத்துக்குள் மற்ற இரண்டு ஊர்களுக்கும் வந்து இறங்கிவிட்டது. வியாழக்கிழமை வண்டியில் எங்கள் புத்தகங்கள் பதினொன்று போயின. பாய்லர் புத்தகம் வந்தது. கூடவே ஒரு சீட்டு. மூன்றாவது ஊரிலும் ஒரு பெண் இதே தேர்வு எழுதுகிறாள், ஐந்து நாளில் அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. தேர்வுக்கு இருந்ததே பத்து நாள்.

வாயாடி புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் வந்து சேரலைன்னு சொல்லிடேன். பத்து நாள்தானே?"

"நானும் அப்படித்தான்டி ஆரம்பிச்சேன்" என்றார் அண்ணி.

வாயாடி புத்தகத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். பிறகு அவளே போனை எடுத்து அந்தப் பெண்ணை இங்கே வரச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். உள்ளறையில் பெஞ்சு போட்டார்கள். ஒருத்தி சத்தமாகப் படிப்பாள், இன்னொருத்தி குறுக்குக் கேள்வி கேட்பாள். நீர்மட்டம் இறங்கினால் முதலில் எதை மூடுவது என்று இரண்டு நாள் சண்டை. நான் வெளியே, செய்தித்தாள் படிப்பவர்களின் இருமலுக்கு நடுவே உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் எனக்கே பாய்லர் ஓட்டத் தெரிந்துவிடும் போலிருந்தது.

இருவரும் தேறினார்கள். அந்தப் பெண்ணைவிட வாயாடிக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. மற்றவள் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிட்டாள், அதனால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.