கவரோடு எடை

"முப்பத்தி நாலு."

"இல்ல சிஸ்டர், தொண்ணூத்தி நாலு."

"தராசே காட்டுதும்மா."

"தராசுல இன்னாவோ கோளாறு. என் கை தப்பாது."

நர்ஸ் செல்வகுமாரி தராசிலிருந்த ஈரத்துணியை எடுத்து, கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமியிடம் நீட்டினாள். ஆதிலட்சுமி அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். திருவாண்டார்கோயில் பக்கம் சோப்புத்தூள் கம்பெனியில் ஆறு வருஷமாகப் பாக்கெட் போடுகிற கை அது. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். தொண்ணூற்று நாலேதான்.

மடியில் மணிபாரதி காலை உதைத்துக்கொண்டிருந்தான். ஏழு மாதம். கீழே போக வேண்டிய மூத்திரம் பையிலிருந்து கிட்னிக்கு மேலேறிவிடுகிறது, அதனால்தான் திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறான் என்று எடை போட்டு எழுதி வரச் சொன்னார் டாக்டர். மடுகரை வீட்டில் தராசு ஏது? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் கையாலேயே எடை பார்த்து எழுதினாள். தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு.

முந்தாநாள் அந்த நோட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இந்த வயசுக்குள் பை இவ்வளவு பெருத்திருந்தால் தானாகக் காலியாவது கஷ்டம், ஆபரேஷன் பண்ணி அடிவயிற்றில் வழி வைத்து மூத்திரத்தை வெளியேவிட வேண்டிவரும் என்றார். அப்போதே அட்மிட் பண்ணச் சொன்னார். எதற்கும் நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் இன்று நாலு மணி நேரம் காவல். பால் கொடுக்க வேண்டியது, அவன் நனைக்க நனைக்கத் துணியை எடை போட வேண்டியது, உள்ளே மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்க்க வேண்டியது.

செல்வகுமாரிக்கு ஏதோ பொறி தட்டியது. "காஞ்ச துணிய வெச்சு மொதல்லயே ஜீரோ பண்ணிட்டேன். நீ வூட்ல துணியோட எடையக் கழிச்சியா?"

"எதுக்குக் கழிக்கணும்? கம்பெனில கவரோடதான போடுவோம்."

செல்வகுமாரி அவளையே பார்த்தாள். "அடிப்பாவி, புள்ள மூத்திரத்தயும் கவரோட பாக்கெட் போட்டுட்டியா?"

காய்ந்த துணி அறுபது கிராம் இருந்தது. ஆதிலட்சுமி நோட்டை மடியில் விரித்து ஒவ்வொன்றிலும் அறுபதைக் கழித்தாள். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. சரியாகத்தான் கழித்தோமா என்று மறுபடியும் முதலிலிருந்து கழித்தாள்.

பத்து நிமிஷத்தில் குழந்தை மறுபடியும் நனைத்தான். பதினொன்று. மேலே ஏறினது இறங்கி வருகிறது, நல்லதுதான் என்றாள் செல்வகுமாரி. ஸ்கேனில் உள்ளே மிச்சம் நாலு மில்லிதான். டாக்டர் வந்து கணக்கைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வயிற்றில் கை வைக்க வேண்டாம், இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார். மருந்து தொடரட்டும், மாசம் ஒருநாள் இதே போல நாலு மணி நேரம் பார்ப்போம், வளர வளரச் சரியாகிவிடலாம். மூத்திரம் உள்ளே தேங்காமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அவர் போனதும் செல்வகுமாரி கேட்டாள். "காலைலேர்ந்து நீ ஒரு தடவகூட எழுந்து போவலியே?"

"பழகிப்போச்சு சிஸ்டர்."

கம்பெனியில் அவள் லைனில் பதினெட்டுப் பெண்களுக்கு ஒரே ஒரு டோக்கன். அதை வாங்கிக்கொண்டால்தான் கக்கூஸுக்குப் போகலாம். ஒருத்தி திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்து சூப்பர்வைசர் ராஜேஷுக்குப் போன் போட்டாள். காண்ட்ராக்ட் ஆள் மாசாமாசம் லீவு கேட்டாலோ, சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டாலோ பெயரை அடித்துவிடுவார்கள். இன்று இரண்டாவது நாள். அவர் எடுத்ததும் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. டோக்கனைக் காணோமே, உன்னிடமா இருக்கிறது என்றார்.

பர்ஸைத் திறந்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை உள்ளேயே கிடந்தது. முந்தாநாள் அரை நாள் சொல்லிவிட்டு நோட்டோடு ஓடிவந்த அவசரத்தில் கூடவே வந்துவிட்டிருக்கிறது. உள்ளங்கையில் வைத்தாள். ஆறு கிராம்கூட இருக்காது. போனுக்குள் பாக்கெட் ஒட்டும் மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன் முன்னால் இரண்டு நாளாக டோக்கன் இல்லாமல் பதினேழு பேர்.

தோள் சூடாக நனைந்தது. அவள் நகரவில்லை.

"நாளைக்குக் காலைல மொத ஆளா வந்து குடுத்துடுறேன் சார். சார், மாசத்துல ஒரே ஒரு நாள், நாலு மணி நேரம் நான் புள்ளகூட இருக்கணுமாம். பேர அடிக்காம வுடுவீங்களா சார்?"