காயல் பக்கத்து ஜன்னல்

நல்லசிவம் சார் என் ஆய்வேட்டை நம்பவில்லை. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் அவர். தன் கண் முன்னால் அளந்து காட்டினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் கொச்சி மட்டாஞ்சேரிக்கே வந்து இறங்கிவிட்டார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது.

எங்கள் ஆய்வகம் பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. பெயருக்கு ஒரு ஏ.சி. உண்டு. உள்ளே நுழைந்ததிலிருந்து சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

"என்னம்மா சங்கரி, இப்படிப் புழுங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் ஆய்வகத் தலைவி ஷைலஜா மேடம் எழுந்து போய்க் காயல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டார். விருந்தாளி கேட்டதை இங்கே யாரும் மறுப்பதில்லை. ஆனால் மழைக்காலத்தில் இந்தத் தெருவில் அந்தப் பக்கத்து ஜன்னலை ஒருவரும் தொட மாட்டார்கள்; காயல் காற்று பட்டால் சுக்கு பூத்துவிடும். பக்கத்துக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும் என் அம்மா பார்த்திருந்தால் மேடத்தையே ஏசியிருப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு லேசரைப் போட்டேன்.

நான் வளர்த்த படிகம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒழுங்கான நுண்துளைகள். அந்தத் துளைகளின் அளவு பச்சை ஒளியை உள்ளே நடமாட விடாமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் பார்க்கவும் பச்சையாக இருக்கும். அந்தத் துளைகளுக்குள் குவாண்டம் புள்ளிகளை ஏற்றியிருக்கிறேன். லேசர் பட்டால் பச்சையாக ஒளிர்ந்து, கண நேரத்தில் அணைந்துவிடும் துகள்கள் அவை. பச்சை ஒளி வெளியேற வழியில்லாத இடத்தில் அவை சீக்கிரம் அணையாமல் தயங்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படிகம் உண்டு. அதே புள்ளிகள், துளைகள் மட்டும் சிறியவை, பச்சையைத் தடுக்காது. ஒன்றில் சீக்கிரம் அணையும், மற்றதில் தாமதமாக அணையும். என் ஆய்வேடு மொத்தமும் இதுதான்.

ஒப்பீட்டுப் படிகத்தை முதலில் அளந்தேன். திரையில் ஒளி அணைவதைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கியது. சரி. அடுத்து என் படிகத்தைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து அளந்தேன். அந்தக் கோடும் முதல் கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு இறங்கியது.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் சார்.

மறுபடி அளந்தேன். அதே கதை.

"எந்தா மோளே?" என்று, என்ன ஆயிற்று எனத் தெரியாமல் மேடம் காதருகே மலையாளத்தில் கேட்டார். சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

படிகம் நகர்ந்துவிட்டதோ என்று பெட்டியைத் திறந்தேன். அது இடத்தில்தான் இருந்தது. ஆனால் பச்சையாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

"சார், துளைக்குள்ள ஈரம் ஏறிடுச்சு. அதான் நிறம் மாறிடுச்சு. இப்போ இது மஞ்சளைத்தான் தடுக்கும். பச்சை தாராளமா வெளிய போகுது."

"தோத்தா மழை மேல பழி. நல்ல வசதிம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பழி போடலை சார். ஜன்னலை அடைச்சு உலர்த்தினா பச்சையாகும், கோடு நீளும். அளக்குறதுக்கு முன்னாடியே சொல்லுறேன். நீளலைன்னா நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

சூடு காட்டினால் புள்ளிகள் கெட்டுவிடும். நைட்ரஜன் வாயுவைச் செலுத்தித்தான் உலர்த்த வேண்டும். சிலிண்டரின் அளவு முள்ளோ அடியில் கிடந்தது. விருந்தாளி முன்னாலேயே ஜன்னலைச் சாத்திவிட்டு, குழாயைப் பெட்டிக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் இரைந்த வாயு மெல்ல இளைத்து நின்றுபோனது. படிகம் பச்சைக்குத் திரும்பியிருந்தது, ஆனால் முழுப் பச்சை இல்லை. அளந்தேன். கோடு முன்புபோல் சரியாமல், தயங்கித் தயங்கி இறங்கியது.

மூச்சு வந்தது. ஆனால் சார் எழுந்தார். நேரே போய் ஜன்னலை அகலத் திறந்தார்.

"சார், சிலிண்டர் தீர்ந்துபோச்சு. இன்னொரு தடவை உலர்த்த முடியாது."

"தெரியும். பெட்டியையும் திறந்து வை. நீ சொன்னது நிஜம்னா கோடு மறுபடி சரசரன்னு இறங்கணும்."

இறங்காவிட்டால் நான் பொய்க்காரி. நான்கு வருட உழைப்பை மழைச்சாரலில் வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். என் படிகம் கெட்டுப்போகட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். பச்சை மெதுவாக வெளுத்து மஞ்சளானது. பெட்டியை மூடி அளந்தேன். கோடு சரசரவென்று இறங்கி, முதல் கோட்டோடு ஒட்டிக்கொண்டது.

சார் என் ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஆய்வேட்டுல ஈரப்பதத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே, ஏன்?"

"எங்களுக்கே தெரியாது சார். மழையில அந்த ஜன்னலை இங்க யாரும் திறக்க மாட்டோம்."

"ஜன்னல் திறக்கிற ஊர்ல ஒருத்தன் இதைச் செஞ்சு பார்த்தா, உன்னைப் பொய்க்காரின்னு எழுதியிருப்பான். நானே அப்படி எழுதத்தான் வந்தேன். இன்னிக்கு நடந்ததை அப்படியே சேர்த்து எழுது."

எழுந்து போய் ஜன்னலைத் தன் கையாலேயே சாத்திக் கொக்கி போட்டார். வேர்த்து வழிய வந்து உட்கார்ந்து, பேனாவை மறுபடி எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.