அக்கா தூக்கிய கை

என் அக்கா சட்டமன்ற உறுப்பினர். நான் மைக் செட் வைத்திருக்கிறேன். அவள் கூட்டத்துக்கெல்லாம் நான்தான் ஒலிபெருக்கி கட்டுவேன், வாடகை என்று வாயைத் திறந்தால் தம்பிக்கு எதுக்குடா காசு என்பாள்.

தேர்தலின்போது அவள் ஒரு வாக்குறுதி கொடுத்துத் தொலைத்திருந்தாள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதி மக்கள் முன்னால் வந்து நிற்பாள். மசோதாவின் பெயரை ஒருவர் வாசிக்க வேண்டும். சட்டமன்றத்தில் கையைத் தூக்கியிருந்தால் இங்கேயும் தூக்குவாள், இல்லாவிட்டால் சும்மா நிற்பாள். விளக்கமெல்லாம் அதற்கப்புறம்தான். வாசிக்கிற வேலையையும் என் தலையில் கட்டியிருந்தாள்.

அந்த முறை எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. முழுநேர டாக்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டை மூடிவிடும் மசோதா நிறைவேறியிருந்தது. எங்கள் ஊர் வார்டில் என் மனைவி நர்ஸ். வார்டு போனால் அவள் வேலையும் போகும். அக்கா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மைக் கட்டப் போனதே என் மனைவி சொன்னதால்தான். "சொந்த அக்கா, போய்க் கட்டிக் குடுங்க" என்றாள், அதோடு சரி. மசோதா வருவதற்கு முன்பே அந்த வார்டில் ஒரு பெண் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோயிருந்தாள். அதிலிருந்தே என் மனைவி அதிகம் பேசுவதில்லை.

பள்ளிக்கூட அரங்கில் எள் போட்டால் கீழே விழாது. நர்சுகள் எல்லோரும் சீருடையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் என் மனைவி. பஸ் கட்டணமும் தண்ணீர் வரியும் பெரிய சண்டையில்லாமல் போயின. அடுத்து வார்டு மசோதா. வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வாசித்தேன். அக்கா கையைத் தூக்கினாள்.

கூட்டம் கொதித்தது. ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, இனி பெண்கள் போகிற வழியிலேயே பெற்றுக்கொள்ள வேண்டியதுதானா என்று கேட்டார். அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னாள். விடுமுறை நாட்களில் அங்கே டாக்டர் கிடையாது, ஆபரேஷன் அறை பூட்டியே கிடக்கிறது, வெளியே தொங்குகிற பெயர்ப்பலகையை நம்பி வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இங்கேயே ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கவும் அதே மசோதாவில் வழி இருக்கிறது. தலைநகரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கத்தினார்கள்.

"உள்ள வேலை பாக்குறவங்களே சொன்னாங்க" என்றாள் அக்கா.

வாயை விட்டுவிட்டாள். தலைமை நர்ஸ் எழுந்தார். எங்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பெயரைச் சொல்லுங்கள் என்றார். பெயரைச் சொல், பெயரைச் சொல் என்று அரங்கம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு நாற்காலி உடைந்தது. கட்சிக்காரர் ஒருவர் அக்காவின் காதில் குனிந்து, சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலை மறந்துவிட வேண்டியதுதான் என்று கெஞ்சினார்.

என் கையில் மைக் இருந்தது. நாக்கில் சனி. "பேரைச் சொல்லுக்கா. இல்லன்னா பொய் சொன்னேன்னு ஒத்துக்க."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்று பார்த்தாள். "சொல்ல மாட்டேன்டா. ஓட்டு நான் போட்டது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். நர்சுகள் எல்லோரும் மேடையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அக்காவைத் திட்டித் தீர்த்தேனே, அப்போதெல்லாம் இவள் பக்கத்தில்தானே இருந்தாள்.

அவசர அவசரமாக அடுத்த மசோதாவின் பெயரை வாசித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் மனைவி எழுந்து நேராக என்னிடம் வந்து மைக்குக்காகக் கையை நீட்டினாள். எத்தனையோ மேடையில், பேசாதபோது மைக்கை அணையுங்கள் என்று பேச்சாளர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளிடம் கிசுகிசுத்தேன்.

"வேண்டாம்மா. நீதான் சொன்னேன்னு தெரிஞ்சா உன்னை உயிரோட விட மாட்டாங்க."

நாலு மூலையிலிருந்தும் என் குரல் எனக்கே கேட்டது.

அவள் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "ஆமா, நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தா. டாக்டருக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன், எடுக்கலை. இனிமே யாரும் இங்க வந்து சாகக்கூடாது, மூடிடுங்க அண்ணின்னு இவங்க வீட்டுக்குப் போய் அழுதேன். உங்க எல்லாரோட வேலையும் போகும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனபோது, அந்த நாற்காலியில் தலைமை நர்ஸ் தன் கைப்பையை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

மைக் செட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன், இந்த முறை மைக் இல்லாமல்.

"நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள்.

மேடையில் அக்கா, அடுத்த மசோதாவைத் தானே வாசிக்கத் தொடங்கினாள்.